பேக்கப் தினமும் ஓடுகிறது. உள்ளே என்ன இருக்கிறது?

ஆடிப் பெருக்குக்கு இன்னும் பத்து நாள். சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பத்தை ஆடி 18 அன்று வெளியிடுவது வழக்கம். அதனால் அந்தப் பத்து நாளும் அச்சகங்களில் யாரும் தலை நிமிர மாட்டார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு அச்சகத்தில் டிசைன் போடும் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று அடித்துவிட்டு நின்றுபோனது. நான் போனபோது முதலாளி நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"பேக்கப் இருக்குல்ல தம்பி. ரெண்டு வருசமா தினமும் ஓடுது. லைட் எரியுது பாருங்க."

எரிந்தது. அந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் கழற்றி என் லேப்டாப்பில் செருகினேன். மொத்தம் 11 ஜிபி. அவர் மகள் கல்யாணப் படங்கள், வேலை கேட்டு யாரோ அனுப்பிய பயோடேட்டாக்கள், டெஸ்க்டாப்பில் கிடந்த சில்லறை ஃபைல்கள். காலண்டர் வேலை முழுக்க டி டிரைவில் இருந்தது. டி டிரைவ் அந்தப் பேக்கப்பில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. அச்சுப் பிளேட் போடக் கொடுத்திருந்த பிடிஎஃப்கள், பிளேட் தயாரிக்கும் சிடிபி சென்டரில் அழியாமல் கிடந்ததால் பாதி வேலை மீண்டது. மீதியை மூன்று பேர் ராப்பகலாக உட்கார்ந்து மறுபடி போட்டார்கள்.

இத்தனைக்கும் அந்தப் பேக்கப் ஒரு தடவைகூடப் பிழைச் செய்தி காட்டியதில்லை. சொன்ன வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. என்ன சொல்லி வைத்திருக்கிறோம் என்பதை யாரும் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு எந்தக் கடைக்குப் போனாலும் "பேக்கப் ஓடுதா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "டிஸ்க்கைக் குடுங்க, ஒரு ஃபைலைத் திறந்து காட்டுங்க" என்பேன். அப்படித் திறக்கும்போது திரும்பத் திரும்பக் கண்ணில் பட்ட கோளாறுகளை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். எல்லாம் விண்டோஸ் கதை. உங்கள் டிஸ்க்கையும் பக்கத்தில் செருகி வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. சோதித்துப் பார்க்கிறேன் என்று பழைய ஃபைலைப் புதியதன் மேல் ஏற்றிவிடாதீர்கள். விண்டோஸோடு வரும் பேக்கப் வசதியான ஃபைல் ஹிஸ்டரியில் பச்சைப் பொத்தானை அமுக்கினால் ஃபைல் பழைய இடத்துக்கே போகும். அதன் மேல் வலது கிளிக் செய்தால் 'ரீஸ்டோர் டு' வரும். டெஸ்க்டாப்பில் 'சோதனை' என்று ஒரு ஃபோல்டர் போட்டு எல்லாவற்றையும் அதற்குள் இறக்குங்கள். டேலி என்ற கணக்கு மென்பொருளுக்கும் இதே விதிதான்; அங்கே இது இன்னும் முக்கியம்.

"வெற்றிகரமாக முடிந்தது என்கிறது, ஆனால் அளவு சின்னதாக இருக்கிறது"

அச்சகத்தில் நடந்தது இதுதான். உங்கள் வேலை ஃபோல்டர் மேல் வலது கிளிக் செய்து, 'ப்ராப்பர்டீஸ்' போய், அளவையும் ஃபைல் எண்ணிக்கையையும் ஒரு தாளில் குறியுங்கள். பேக்கப் டிஸ்க்கிலும் அதையே செய்யுங்கள். ஃபைல் ஹிஸ்டரி பழைய பதிப்புகளையும் சேர்த்து வைப்பதால் பேக்கப் பெரிதாக இருந்தால் கவலை இல்லை. மூலத்தைவிடச் சின்னதாக இருந்தால் ஏதோ விடுபட்டிருக்கிறது.

எது விடுபட்டது என்று பார்க்க மென்பொருள் எதுவும் தேவையில்லை. பேக்கப் டிஸ்க்கில் 'ஃபைல் ஹிஸ்டரி' ஃபோல்டர், அதற்குள் யூசர் பெயர், அதற்குள் கம்ப்யூட்டர் பெயர், அதற்குள் 'டேட்டா'. அங்கே ஒவ்வொரு டிரைவுக்கும் அதன் எழுத்திலேயே ஒரு ஃபோல்டர் இருக்கும். 'சி' மட்டும் இருந்து 'டி' இல்லையென்றால் உங்கள் டி டிரைவ் இதில் கிடையாது. ஐந்து நொடி வேலை.

ஃபைல் ஹிஸ்டரி, தானாக எடுப்பது யூசர் ஃபோல்டருக்குள் இருக்கும் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் வகையறாக்களைத்தான். நம் ஊரில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கும்போதே "சி டிரைவுல எதையும் வைக்காதீங்க, ஃபார்மேட் பண்ணா போயிரும், டியில வைங்க" என்று சொல்லிக் கொடுப்போம். நானும் சொல்லியிருக்கிறேன். ஃபார்மேட்டுக்கு அது நல்ல புத்திமதி. இந்தப் பேக்கப்புக்கு அதுவே எமன்.

சரிசெய்ய: விண்டோஸ் 10-ல் செட்டிங்ஸ் பக்கத்திலேயே ஃபோல்டரைச் சேர்க்கலாம். விண்டோஸ் 11-ல் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். டி டிரைவில் உள்ள ஃபோல்டர் மேல் வலது கிளிக், 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்', 'இன்க்ளூட் இன் லைப்ரரி'. லைப்ரரியில் சேர்ந்துவிட்டால் கண்ட்ரோல் பேனலில் உள்ள ஃபைல் ஹிஸ்டரி அதையும் எடுத்துக்கொள்ளும். சேர்த்த கையோடு 'ரன் நவ்' கொடுத்து, 'டேட்டா'வுக்குள் 'டி' முளைக்கிறதா என்று பாருங்கள்.

முழு டிஸ்க்கையும் படமாக எடுக்கும் இமேஜ் பேக்கப் வைத்திருப்பவர்களும் உள்ளே எட்டிப் பார்க்கலாம். அந்தப் படம் இருக்கும் விஎச்டிஎக்ஸ் ஃபைலை 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' வழியாக, 'ரீட் ஒன்லி' டிக் போட்டு இணைத்தால் அது தனி டிரைவாகத் திறக்கும். இரட்டை கிளிக் செய்தாலும் திறக்கும். ஆனால் அப்போது அதற்குள் எழுதவும் முடியும் என்பதால் நான் அந்த வழியில் போவதில்லை.

"ஃபைல் இருக்கிறது, ஆனால் 1 கேபி, 2 கேபிதான்"

டெஸ்க்டாப்பில் 'அக்கவுண்ட்ஸ் 2024' என்று ஒரு ஐகான் இருக்கும். தினமும் அதைத்தான் திறப்பார்கள். ஐகானின் கீழ்மூலையில் சின்ன அம்புக்குறி இருப்பதைக் கவனித்திருக்க மாட்டார்கள். அது ஷார்ட்கட், வாசல் பலகை மாதிரி. பேக்கப்பில் போய்ச் சேர்ந்தது பலகை, வீடு இன்னொரு கம்ப்யூட்டரில். ஷார்ட்கட் மேல் வலது கிளிக் செய்து 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' கொடுத்தால் உண்மையான முகவரி தெரியும். அதைத்தான் பேக்கப்பில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது வகை ஒன்டிரைவ். ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் மேகப் படம் இருந்தால் அந்த ஃபைல் உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது. ப்ராப்பர்டீஸில் 'சைஸ்' 40 எம்பி என்றும் 'சைஸ் ஆன் டிஸ்க்' 0 என்றும் காட்டும். லோக்கல் பேக்கப் இவற்றைத் தாண்டிப் போய்விடக்கூடும். முக்கியமான ஃபோல்டர்களுக்கு 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுங்கள். பச்சை வட்டம் வந்தபின் பேக்கப் ஓடட்டும்.

கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். கூகுள் டிரைவ் ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் நகல் எடுத்தால் அந்த ஷீட்டுக்குப் பதில் ஒரு இணைப்பு முகவரி மட்டும் வரும். எக்செல்லாக டவுன்லோடு செய்தோ, கூகுள் டேக்அவுட் வழியாகவோ எடுத்தால்தான் உள்ளடக்கம் கைக்கு வரும்.

"தேதி எங்கோ நின்றுபோயிருக்கிறது"

பேக்கப் டிஸ்க்கில் ஃபைல்களைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். ஃபைல் ஹிஸ்டரி நகல்களின் பெயரிலேயே அடைப்புக்குறிக்குள் தேதியும் நேரமும் இருக்கும். அது யுடிசி என்னும் உலகப் பொது நேரம். நம் கடிகாரத்தைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். காலை 10 மணிக்கு எடுத்த நகலில் 04_30 என்று இருக்கும். "ராத்திரி நாலரைக்கு யார் கம்ப்யூட்டரைத் திறந்தது?" என்று ஒரு கடையில் வாட்ச்மேனிடம் விசாரணையே நடந்தது.

எல்லாமே ஒரே நாளோடு நின்றிருந்தால் காரணங்கள் எளிது. டிஸ்க் நிறைந்திருக்கும் (ஃபைல் ஹிஸ்டரி பழைய பதிப்புகளை 'ஃபாரெவர்' வைத்திருப்பதுதான் ஆரம்ப அமைப்பு). புதுக் கம்ப்யூட்டரோ புது விண்டோஸோ போட்டிருப்பார்கள். அதில் ஃபைல் ஹிஸ்டரி அணைந்தே இருக்கும். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததை ஒட்டி மெஷின் மாற்றியவர்கள் இதை முதலில் பாருங்கள்.

சிலது புதியது, சிலது பழையது என்று இருந்தால்தான் வேலை. ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலையை விட்டுப்போன பையன் ஒரு பேட்ச் ஃபைல் (வரிசையாக ஓடும் கட்டளைகள்) எழுதி வைத்திருந்தான். விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பி, தினமும் இரவு 11 மணி, நேரம் வைத்து வேலைகளை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில். நன்றாகவே எழுதியிருந்தான். ஆனால் ஃபோல்டர் பெயரை '2022-23' என்று அப்படியே அடித்திருந்தான். ஏப்ரல் பிறந்ததும் ஆபீஸில் '2023-24' ஃபோல்டர் திறந்தார்கள். பேட்ச் ஃபைலுக்கு அது தெரியாது. மூடிய வருடத்தின் ஃபோல்டரை அடுத்த 14 மாதம் ஒவ்வொரு இரவும் போய்த் தொட்டுவிட்டு வந்தது.

இதை ஷெட்யூலரிலேயே பிடித்திருக்கலாம். 'லாஸ்ட் ரன் ரிசல்ட்' பத்தியில் தினமும் 0 என்று இருந்தது. 0 என்றால் நல்லது என்றுதான் எல்லோரும் நினைப்போம். ரோபோகாப்பியின் கணக்கு வேறு. 1 என்றால் புது ஃபைல்கள் நகலாகின. 0 என்றால் தவறு ஏதுமில்லை, நகலெடுக்கவும் ஏதுமில்லை. 8-ம் அதற்கு மேலும் வந்தால்தான் தோல்வி. (பேட்ச் ஃபைலின் கடைசி வரி ரோபோகாப்பியாக இருந்தால்தான் இந்த எண்ணை நம்பலாம்.) பத்துப் பேர் நாள் முழுக்க வேலை செய்யும் ஆபீஸில் தினமும் 0 வருகிறதென்றால் அது வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறது. வருடப் பெயரை எடுத்துவிட்டு அதற்கு மேலுள்ள தாய் ஃபோல்டரைக் கொடுத்தேன், முடிந்தது.

ஷெட்யூலரில் இருக்கும்போதே இன்னும் இரண்டு டிக்குகளைப் பாருங்கள். 'கம்ப்யூட்டர் ஏசி பவரில் இருந்தால் மட்டும் தொடங்கு' என்பது தானாகவே டிக் ஆகியிருக்கும். கரண்ட் போன நேரத்தில் பேட்டரியில் ஓடும் லேப்டாப்பில் வேலை தொடங்காது. 'தவறிய வேலையைக் கூடிய சீக்கிரம் ஓட்டு' என்பது டிக் ஆகாமல் இருக்கும். இரவு 9 மணிக்கு மெஷினை அணைத்துவிட்டுப் போகும் ஆபீஸில் 11 மணி வேலை என்றைக்கும் நடக்காது. முதலாவதை எடுங்கள், இரண்டாவதைப் போடுங்கள்.

"தவறினால் மெயில் வரும்படி வைத்திருக்கிறோம்" என்று சொல்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் எழுதுபவர்களின் கோடைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. பேக்கப்பைத் தேடினால் அது போக வேண்டிய இடம் காலி. டேட்டாபேஸ் ஓடியது 9.6 பதிப்பில், பேக்கப் எடுக்கும் கருவி 9.2. ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றது என்று சொல்லும் மெயில்களும் அனுப்பப்பட்டன. மெயில் சரிபார்ப்பில் அவை நிராகரிக்கப்பட்டதால் யார் கைக்கும் வரவில்லை. அழிப்பதற்கு ஆறு மணி நேரம் முன் வேறொரு காரணத்துக்காகக் கையால் எடுத்த ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து டிஸ்க்கின் நகல்) ஒன்றுதான் அவர்களைக் காப்பாற்றியது. அவர்கள் இதை மறைக்காமல் முழுசாக எழுதி வெளியிட்டார்கள். மெயில் வராததை வைத்துப் பேக்கப் நன்றாக ஓடுகிறது என்று முடிவுகட்ட முடியாது என்பதற்கு இதைத்தான் எல்லோரிடமும் சொல்வேன். தோல்வி மெயிலோடு, ஓடி முடிந்ததும் வரும் மெயிலையும் போட்டுக்கொள்ளுங்கள். அது வராத நாள் கண்ணில் உறுத்தும்.

"டேலியில் கம்பெனி வருகிறது, கணக்கு இடிக்கிறது"

முதலில் கேட்க வேண்டியது: டேலியின் பேக்கப்பா, டேலி ஃபோல்டரின் நகலா? டேலி திறந்திருக்கும்போது வெறும் நகலெடுக்கும் மென்பொருள் அந்த ஃபோல்டருக்குள் போனால் ஒரு ஃபைலை 10:00-க்கும் இன்னொன்றை 10:02-க்கும் எடுத்திருக்கும். நடுவில் யாரோ ஒரு வவுச்சர் போட்டிருப்பார்கள். இரண்டு ஃபைலும் ஒன்றையொன்று நம்பி இருப்பவை. திறக்கும்போது டேட்டா பிழை என்று மக்கர் செய்யும். அல்லது திறந்துவிட்டுத் தொகை இடிக்கும். இரண்டாவதுதான் ஆபத்து.

டேலி ப்ரைமில் ஆல்ட்டும் ஒய்யும் சேர்த்து அமுக்கினால் டேட்டா மெனு வரும், அதில் பேக்கப். இங்கேயும் ஒரு குழி உண்டு. எந்தக் கம்பெனிகளைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அவை மட்டும்தான் போகும். முதலாளி பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று, தம்பி பெயரில் ஒன்று என்று மூன்று கம்பெனி இருக்கும் கடையில் திரையில் திறந்திருந்த ஒன்றை மட்டும் வருடக்கணக்கில் எடுத்துவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டேட்டா ஃபோல்டரைத் திறந்தால் ஒவ்வொரு கம்பெனிக்கும் எண்ணே பெயராக ஒரு ஃபோல்டர் இருக்கும். அங்கே எத்தனை எண், பேக்கப்பில் எத்தனை கம்பெனி, எண்ணிப் பாருங்கள்.

சரிபார்க்கும் முறை: வேறொரு கம்ப்யூட்டரில், காலியாக உள்ள ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்யுங்கள். அசலில் பேக்கப் எடுத்த தேதி வரைக்குமான ட்ரயல் பேலன்ஸ் ஒன்று, ரீஸ்டோர் ஆனதில் ஒன்று. இரண்டின் மொத்தமும் பைசா சுத்தமாக ஒத்துப்போக வேண்டும். டே புக்கில் கடைசி வவுச்சர் எண்ணையும் பாருங்கள். அதன் பிறகு ஒரு லெட்ஜரை மட்டும், அதிகம் புழங்கும் லெட்ஜரை, வரி வரியாக ஓட்டிப் பாருங்கள். ஆடிட்டர் ஆபீஸ் அக்காக்கள் இதை என்னைவிட வேகமாகச் செய்வார்கள். நான் பேக்கப்பை இறக்கிக் கொடுத்துவிட்டு அவர்களிடம் விட்டுவிடுவேன்.

"பில்லிங் மென்பொருளை ரீஸ்டோர் செய்தால் பழைய தேதிக்குப் போய்விட்டது"

கடை பில்லிங் மென்பொருள்களில் பல, மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பில் ஓடுகின்றன. டேட்டா இருப்பது 'ப்ரோக்ராம் ஃபைல்ஸ்' அடியில் எங்கோ. டாக்குமென்ட்ஸ் பேக்கப் அதைத் தொடாது. எக்ஸ்பிரஸ் பதிப்பில் நேரம் வைத்துத் தானாக ஓடும் 'ஏஜென்ட்'டும் கிடையாது. "ஆட்டோ பேக்கப் இருக்கு" என்று மென்பொருள்காரர் சொன்னால், எது அதை ஓட்டுகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் பில்லிங் மென்பொருளை மூடும்போது வரும் "பேக்கப் எடுக்கவா?" என்ற கேள்விதான் அது. கல்லாவில் இருக்கும் பையன் இரவு பத்து மணிக்கு அதற்கு 'நோ' கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவான்.

பழைய தேதிக்குப் போவதற்குக் காரணம் வேறு. ஒரே பேக்கப் ஃபைல் பெயரைத் தினமும் கொடுத்தால், அழித்து எழுதச் சொல்லாதவரை, சர்வர் புதியதைப் பழையதன் பின்னால் ஒட்டிக்கொண்டே போகும். ரீஸ்டோர் கட்டளையில் எத்தனையாவது என்று சொல்லாவிட்டால் முதலாவதை எடுக்கும். முதலாவது என்பது அந்த ஃபைலில் இருப்பதிலேயே பழசு. டேட்டா எங்கும் போகவில்லை. அதே ஃபைலின் வால் பகுதியில் இருக்கிறது. கடைக்காரர் தலையில் கை வைத்துவிட்ட பிறகு இதைக் கண்டுபிடித்துச் சொன்னால் அன்றைக்கு நமக்கு டீயோடு வடையும் உண்டு.

மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸில் ஓடும் மென்பொருளாக இருந்தால் பேக்கப் ஃபோல்டரில் அளவை மட்டும் பாருங்கள். ஜிசிப் (சுருக்கிய) ஃபைல் எல்லாம் வரிசையாக 20 பைட் என்று இருந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. காலியான ஒன்றைச் சுருக்கினால் அந்த அளவுதான் வரும். டம்ப், அதாவது டேட்டாபேஸின் நகல், எடுக்கும் கட்டளை தோற்றிருக்கும், பின்னால் நின்ற ஜிசிப் வெறும் காற்றைச் சுருக்கி 'வெற்றி' என்று சொல்லியிருக்கும். நல்ல டம்ப்பின் கடைசி வரியில் முடிந்த தேதியும் நேரமும் எழுதியிருக்கும். அந்த வரி இல்லையென்றால் பாதியில் அறுந்திருக்கிறது.

"ஃபைல் திறக்கிறது, தமிழ் மட்டும் கிறுக்கலாக இருக்கிறது"

இது கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கும் நம் டிடிபிக்காரர்களுக்கே உரிய வியாதி. அச்சகக் கதைக்குத் திரும்பி வருகிறேன். தப்பித்த சில பழைய பேஜ்மேக்கர் ஃபைல்கள் டெஸ்க்டாப் பேக்கப்பில் கிடைத்தன. புது மெஷினில் திறந்தோம். 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில ஜே, கே, பி, ஓ, அடுத்து ஒரு அரைப்புள்ளி. பக்கம் முழுக்க அப்படி. முதலாளி முகம் செத்துவிட்டது. ஃபைல் கெட்டுவிட்டது என்றே நினைத்தார்.

கெடவில்லை. அது பாமினி எழுத்துருவில் அடித்தது. தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண் தரும் யூனிகோடு பரவும் முன் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் உருவங்களை உட்கார வைத்தன. ஃபைலில் சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்தின் எண்தான். தமிழாகக் காட்டுவது எழுத்துருவின் வேலை. எழுத்துரு இல்லையென்றால் வேஷம் கலைந்துவிடும். 1999-ல் தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதை டாம், டாப் என்ற முறைகளில் தரப்படுத்தப் பார்த்தார்கள். 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. ஆனால் அச்சகத்தில் இருபது வருடக் கல்யாணப் பத்திரிகைகள் பழைய எழுத்துருக்களில்தான் கிடக்கின்றன.

எழுத்துருக்கள் இருப்பது விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'ஃபான்ட்ஸ்'. டாக்குமென்ட் பேக்கப் எதுவும் அதை எடுக்காது. போதாக்குறைக்கு, 2018-ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து ஒரு யூசருக்கு மட்டும் நிறுவும் எழுத்துருக்கள் 'ஆப்டேட்டா'வுக்குள் மறைவாக வேறொரு இடத்தில் போய் உட்காருகின்றன. இரண்டு இடத்திலிருந்தும் உங்கள் தமிழ் எழுத்துருக்களை எடுத்து வேலை ஃபோல்டருக்குள்ளேயே 'எழுத்துரு' என்று ஒரு ஃபோல்டரில் நிரந்தரமாக வையுங்கள். மொத்தமே சில எம்பிதான் வரும். கீபோர்டு மென்பொருளின் இன்ஸ்டாலரும் அங்கேயே இருக்கட்டும். டாங்கிள் (உரிமத்துக்கான சின்ன யுஎஸ்பி சாவி) செருகினால்தான் ஓடும் மென்பொருள் என்றால் டாங்கிளுக்குப் பேக்கப் கிடையாது. பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எழுத்து சரியாகி, படம் இருந்த இடத்தில் சாம்பல் கட்டமோ மங்கல் உருவமோ தெரிந்தால் அது இணைப்புக் கோளாறு. பேஜ்மேக்கரும் இன்டிசைனும் பெரிய படங்களைத் தமக்குள் வைத்துக்கொள்ளாமல் இருக்கும் இடத்தின் முகவரியை மட்டும் வைத்துக்கொள்ளும். படம் ஸ்கேனர் இருக்கும் மெஷினில் இருந்திருக்கும். வேலை முடிந்ததும் இன்டிசைனில் 'பேக்கேஜ்', கோரல்டிராவில் 'கலெக்ட் ஃபார் அவுட்புட்', பேஜ்மேக்கரில் 'சேவ் ஆஸ்' பெட்டிக்குள் 'ஆல் லிங்க்டு ஃபைல்ஸ்' கொடுத்து ஒரே ஃபோல்டரில் சேர்த்துவிட்டால் பேக்கப் எடுக்கவும் ஏதாவது இருக்கும்.

ஃபைலின் பெயரே தமிழில் இருந்து, பேக்கப்பில் அது கேள்விக்குறிகளாக மாறியிருந்தால் பழைய ஜிப் மென்பொருள் பெயரைத் தின்றிருக்கிறது. உள்ளடக்கம் பெரும்பாலும் நலமாக இருக்கும். புதிய மென்பொருளுக்கு மாறுங்கள்.

"ஆபீஸில் அழித்தேன், வீட்டிலும் காணோம்"

அது பேக்கப் இல்லை, சிங்க். ஒன்டிரைவோ கூகுள் டிரைவோ இரு பக்கமும் ஒரே மாதிரி வைத்திருப்பதுதான் அவற்றின் தொழில். அழித்ததையும் ஒரே மாதிரி அழிக்கும். கூகுள் டிரைவின் ட்ராஷில் 30 நாள், தனிநபர் ஒன்டிரைவின் ரீசைக்கிள் பின்னில் 30 நாள் இருக்கும். பிரவுசரில் போய் உடனே பாருங்கள். இலவசக் கணக்கில் ஒன்டிரைவ் 5 ஜிபி, கூகுள் 15 ஜிபி. நிறைந்துவிட்டால் ஓரத்தில் ஒரு சின்னச் செய்தியோடு மேலே போவது நின்றுவிடும். ஒன்டிரைவின் ஃபோல்டர் பேக்கப்பில் 'டவுன்லோட்ஸ்' இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். வாட்ஸ்அப் வெப்பில் வரும் ஆர்டர்கள், பார்ட்டி அனுப்பும் படங்கள் எல்லாம் சேர்வது அங்கேதான்.

"டிஸ்க்கே திறக்க மாட்டேன் என்கிறது"

48 இலக்க எண் கேட்டால் அது பிட்லாக்கர், விண்டோஸின் டிஸ்க் பூட்டு. அந்த எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கலாம், அச்செடுத்து வைத்திருக்கலாம். அதே டிஸ்க்குக்குள் டெக்ஸ்ட் ஃபைலாகச் சேமித்து வைத்தவர் ஒருவரையும் எனக்குத் தெரியும். ஃபைல் பெயர்கள் எல்லாம் விநோத வாலோடு மாறி, பணம் கேட்டு ஒரு குறிப்பு இருந்தால் ரான்சம்வேர். எப்போதும் செருகியே இருந்த பேக்கப் டிஸ்க்கையும் அது சேர்த்தே பூட்டியிருக்கும். இரண்டு டிஸ்க் வாங்கி வாரம் ஒன்று மாற்றி, ஒன்று எப்போதும் அலமாரியில் இருக்கும்படி செய்வதைத் தவிர எனக்கு வேறு நம்பிக்கையான வழி தெரியவில்லை.

"எந்த அறிகுறியும் இல்லை, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது"

அச்சகத்திலும் அப்படித்தான் இருந்தது. மாதம் ஒரு தடவை, டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி ஐந்து ஃபைல் திறக்கச் சொல்கிறேன். நேற்று வேலை செய்த ஒன்று, இருப்பதிலேயே பழையது ஒன்று, இருப்பதிலேயே பெரியது ஒன்று, தமிழ்ப் பெயர் கொண்ட ஒன்று, ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய் அடியில் கிடக்கும் ஒன்று. வேறொரு கம்ப்யூட்டர் என்பதை விடாதீர்கள். அதே மெஷினில் திறந்தால் எழுத்துருவும் இணைத்த படங்களும் பாஸ்வேர்டும் அங்கேயே இருப்பதால் எல்லாம் திறந்து ஏமாற்றும். பெயரைப் பார்த்தால் போதாது. திறந்து, கடைசிப் பக்கம் வரை தள்ளிப் பார்க்க வேண்டும்.

அச்சக முதலாளி இப்போது டிஸ்க்கின் மேலேயே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார். திறந்து பார்த்த தேதி, திறந்த ஃபைல், திறந்த ஆளின் கையெழுத்து. கடைசியாகப் போனபோது மேல் வரியில் இருந்தது: 'ஏப்ரல் தாள், முருகன் படம், எழுத்து சரி, படம் சரி.' அதற்குக் கீழ் வரியில் 'மே தாள், படம் வரவில்லை, ஸ்கேனர் மெஷின் பார்க்கணும்' என்று இருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு ஸ்கேனர் மெஷினைப் பார்க்கப் போனேன்.